தெற்கு சூடானுக்குத் தண்ணீர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பாமணிக்கரை எழுதியது:

வணக்கம். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். குடிநீர்ப் பொறியாளர். 2018-ல் கஜா அடித்த பிறகு வேதாரண்யம் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனத்தோடு குடிநீர் வேலை பார்த்தேன். அதிலிருந்து இந்தத் துறையிலேயே இருக்கிறேன். இப்போது ஒரு வெளிநாட்டு நிவாரண அமைப்பு தெற்கு சூடானுக்குக் கூப்பிடுகிறது. யூனிட்டி மாநிலம், பென்டியூ. வெள்ளத்துக்கு நடுவில் இருக்கும் முகாமில் சுத்திகரிப்பு நிலையத்தையும் குழாயடிகளையும் பார்த்து, அடுத்த மழைக்காலத்தில் காலரா மறுபடி பரவினால் தாக்குப்பிடிக்குமா என்று அறிக்கை தர வேண்டும். சில வாரங்கள்தான்.

வேலை தெரியும். நாடு தெரியாது. படிக்கப் படிக்கக் குழப்பமாக இருக்கிறது. 2011 ஜூலையில் சுதந்திரம், 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர், 2015-ல் ஒப்பந்தம், 2016-ல் அது முறிந்தது, 2018-ல் இன்னொரு ஒப்பந்தம். 2025 மார்ச்சில் அப்போது முதல் துணை அதிபராக இருந்த ரீக் மச்சாரை வீட்டுக்காவலில் வைத்தார்கள், செப்டம்பரில் அவர் மேல் தேசத்துரோக வழக்கு. 2024-ல் நடக்க வேண்டிய தேர்தலை 2026 டிசம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். இந்த நிலையில் வெளியிலிருந்து ஒருவன் போய் இறங்கினால் அவனுக்கு என்ன நடக்கும்?

அம்மா யூடியூபில் வருகிற செய்தியை எல்லாம் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் இருக்கிறார். அவருக்குப் பொய் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சில வாரம் போய் அறிக்கை எழுதிவிட்டு வருவதால் அங்கே இருக்கிறவர்களுக்கு உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா? போனவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

---

பொருநை எழுதியது:

தம்பி, நான் அதே வேலைக்குத்தான் அங்கே போனேன். முதலில் தலைநகர் ஜூபா, பிற்பாடு வெள்ளம் சூழ்ந்த காலத்தில் பென்டியூ. நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அரசியலைப் பத்திரிகையில் படிப்பது போல அங்கே பார்க்க முடியாது. அதிபர் சல்வா கீர் டின்கா இனம், மச்சார் நுவேர் இனம், இரண்டு பேருக்கும் படை உண்டு என்பது எல்லோரும் எழுதுவது. நீ பார்க்கப்போவது செக்போஸ்ட்டில் நிற்கிற சிப்பாயை. அந்த நாட்டு அரசின் வருமானம் கிட்டத்தட்ட முழுக்க எண்ணெய். அந்த எண்ணெய் சூடான் வழியாகக் குழாயில் போர்ட் சூடானுக்குப் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். 2023 ஏப்ரலில் சூடானில் போர் வெடித்தது, 2024 பிப்ரவரியில் குழாய் உடைந்தது, இங்கே சம்பளம் மாதக்கணக்கில் நின்றது. சம்பளம் வராத ஒருவர் கையில் துப்பாக்கியோடு சாலையில் நிற்கிறார் என்றால் அவர் உன்னிடம் என்ன கேட்பார் என்று யோசித்துக்கொள். கண்ணாடியை இறக்கு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்று, கைகள் தெரியட்டும், வணக்கம் சொல். பேச்சை டிரைவரிடம் விடு. அவர் சிரிக்கச் சொன்னால் சிரி, இறங்கச் சொன்னால் இறங்கு. போனை வெளியே எடுக்காதே. ஜூபா விமான நிலையம், நைல் பாலம், எந்த ராணுவ வண்டியையும் படம் எடுக்கவே கூடாது. படம் எடுக்க அனுமதிச் சீட்டு என்று ஒன்று உண்டு, அது இருந்தாலும் எடுக்காதே.

இனி ஊர். நீ டெல்டாக்காரன், உனக்குச் சொன்னால் புரியும். பென்டியூ, பக்கத்து ருப்கோனா, முகாம், விமான ஓடுதளம் எல்லாம் மண்கரைக்கு உள்ளே இருக்கின்றன. கரைக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். அதன் மட்டம் நாம் நிற்கும் தரையைவிட உயரம். 2021-ல் வந்த வெள்ளம் கோடையிலும் முழுதாக வடியவே இல்லை. காரணம் எளிது: விக்டோரியா ஏரியிலிருந்து நைல் கொண்டுவரும் தண்ணீர், அதை வாங்குகிற சட் சதுப்பு நிலம் சட்டிபோலத் தட்டை, மண் சுத்தக் கரிசல். இறங்கவும் இறங்காது, ஓடவும் ஓடாது. உள்ளே பெய்யும் மழையைப் பம்ப் வைத்து வெளியே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரியில் டார்ச்சோடு கரையில் நடந்து கசிவு பார்ப்பார்கள். உடைப்பு எடுத்தால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கும் முகாம் போய்விடும். ஐநா படையில் இருந்த பாகிஸ்தான் பொறியாளர்களும் இந்தக் கரை வேலையில் நின்றார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

மாடுகள் செத்துவிட்டன, சோளக் காடு தண்ணீருக்குள். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அல்லிக்கிழங்கு தோண்டி, காயவைத்து, மாவாக்கிச் சாப்பிட்டார்கள். விறகுக்கு ஓடத்தில் நெடுந்தூரம் போவார்கள். அங்கேதான் அவர்களுக்குப் பாலியல் வன்முறை ஆபத்து அதிகம். உன் குழாயடி எங்கே இருக்கிறது, பெண்கள் எந்த நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதும் உன் அறிக்கையில் வர வேண்டும். 250 பேருக்கு ஒரு குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்று நிவாரணப் பணிக்குக் குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்ஃபியர் கையேட்டில் இருப்பது உனக்குத் தெரியும். இருட்டிய பிறகு வாளியோடு நடக்க வேண்டியிருந்தால் அந்த 15 லிட்டருக்கு அவள் கொடுக்கிற விலை வேறு.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. அங்கே உன் உயிரைக் காப்பாற்றப்போவது குண்டு துளைக்காத சட்டையோ, காம்பவுண்ட் சுவரோ கிடையாது. உன்னோடு வேலை செய்யும் உள்ளூர் ஆட்கள். உன் அறிக்கையில் உருப்படியாக ஏதாவது இருந்தால் அதுவும் அவர்கள் சொன்னதாகத்தான் இருக்கும்.

பென்டியூவில் எங்களோடு குளோரின் பார்க்கிற பெண் ஒருவர் இருந்தார். பெயர் எழுதமாட்டேன், இன்னமும் அங்கேதான் இருக்கிறார். நான் குழாயடியில் தண்ணீர் பிடித்து, குளோரின் இருக்கிறதா என்று காட்டும் டிபிடி மாத்திரையைப் போட்டுக் குலுக்கி, ரோஸ் நிறம் வந்ததும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடிக்காத குறையாக ஒரு குடிசைக்குக் கூட்டிப்போனார். தார்ப்பாய்க்குள் மூலையில் ஒரு மஞ்சள் எண்ணெய் கேன். காலையில் அதே குழாயில் பிடித்த தண்ணீர். சோதனைக் குழாயில் அதை ஊற்றி, புது மாத்திரையைக் கைபடாமல் உறையிலிருந்து நேராக உள்ளே தள்ளி, மூடி, கவிழ்த்து, வெளிச்சத்தில் நீட்டினார். நிறமே இல்லை. அடுத்த குடிசையிலும் இல்லை. கேனின் வாய் சின்னது, உள்ளே கைவிட்டுத் தேய்க்க முடியாது, அடியில் பாசி. வெயிலும் சேர்ந்து குளோரினைத் தின்றுவிடுகிறது. குழாயடியில் சரியாக இருப்பது வயிற்றுக்குள் போகும்போது வெறும் தண்ணீர். அதன்பிறகு வாரத்துக்கு ஒருமுறை கேன்களுக்குள் கூழாங்கல்லும் அடர் குளோரின் கரைசலும் போட்டுக் குலுக்கிக் கழுவும் வேலையை அவரே தெருத் தெருவாக நடத்தினார். குழாயடி அளவையும் வீட்டில் கடைசியாக மிஞ்சுவதை வைத்துத் திருத்தினோம். நீ போனதும் முதல் நாளே வீட்டுக்குள் இருக்கிற கேனைச் சோதித்துப் பார்.

இனி வெளியேற்றம். 2016 ஜூலையில் நான் ஜூபாவில் இருந்தேன். 8-ஆம் தேதி அதிபர் மாளிகையில் தொடங்கிய சண்டை நான்கு நாள் நடந்தது. நாங்கள் காம்பவுண்டில் உள்ளறையில், ஜன்னலுக்கு மெத்தையைச் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் படுத்திருந்தோம். சண்டை அடங்கியதும் இந்திய அரசு இரண்டு சி-17 விமானங்களை அனுப்பியது. சங்கட் மோச்சன் என்று பெயர். 150-க்கு மேற்பட்டவர்கள் வந்தோம். விமானம் முதலில் திருவனந்தபுரத்தில் இறங்கியதால் நான் அங்கேயே இறங்கி, பஸ் பிடித்துத் திருநெல்வேலி வந்துவிட்டேன். இந்தியத் தூதரகத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். நீ ஜூபாவில் இறங்கிய அன்றே அங்கே பெயரைப் பதிவு செய்துவிடு.

ஆனால் எங்களை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்ட டிரைவர் நுவேர். அந்த வாரம் ஜூபாவில் நுவேர் ஆண்களை வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் வண்டியை நிறுத்தி, எங்கள் பைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு, சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். வெளியேறுவோர் பட்டியலில் வெளிநாட்டவர் பெயர்கள் இருந்தன. வேறு மாவட்டத்திலிருந்து கூட்டிவந்த தெற்கு சூடான் ஊழியர் சிலரை அவரவர் ஊருக்கு அனுப்பினார்கள். ஜூபாக்காரர்களுக்கு முன்பணச் சம்பளம். அவ்வளவுதான். அது என் நிறுவனத்தில் மட்டும் இருந்த விதி இல்லை, துறை முழுக்க அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார்கள். உலகத்தில் கொல்லப்படும் நிவாரணப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்த நாட்டிலேயே வேலை செய்தவர்கள். அவர்களுக்காக விமானம் வருவதில்லை. இதை நான் எங்கே பேசினாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

அதனால் கையெழுத்துப் போடும் முன் அந்த அமைப்பிடம் எழுத்தில் கேள். சண்டை வந்தால் உள்ளூர் ஊழியருக்கும் குடும்பத்துக்கும் என்ன ஏற்பாடு? அவர்களுக்கு விபத்து, மரணக் காப்பீடு உண்டா? வாக்கி-டாக்கியும் சாட்டிலைட் போனும் அவர்கள் கையிலும் இருக்குமா? இதற்கு நேராகப் பதில் சொல்கிற அமைப்பு உன்னையும் நேராக நடத்தும். மழுப்பினால் போகாதே. உன் காப்பீட்டையும் பார், சாதாரணப் பயணக் காப்பீடு போர் நடக்கும் இடத்துக்குச் செல்லாது. நைரோபிக்குத் தூக்கிப்போக விமானச் செலவு அதில் இருக்கிறதா என்று பார்.

டாலர் நோட்டு புதுசாக, மடிப்பு இல்லாமல் கொண்டு போ. பழைய வரிசை நோட்டை வாங்கமாட்டார்கள்.

---

வடசேரி செவிலி எழுதியது:

அண்ணன் சொன்னதோடு உடம்பைப் பற்றி நான் சொல்கிறேன். நான் அந்த நாட்டு மலக்கால் நகரில் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், பயணத்துக்குப் பத்து நாள் முன்னாடியே போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். அந்த மஞ்சள் அட்டையை பாஸ்போர்ட்டோடு சேர்த்து வை. அது இல்லாமல் திரும்பி வந்தால் இந்தியாவிலேயே உன்னைத் தனிமைப்படுத்திவிடுவார்கள்.

மலேரியா மாத்திரையை வந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிடு, டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரம். ஊர் திரும்பிய பிறகு சில மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் நம் ஊரில் முதலில் டெங்குவைத்தான் பார்ப்பார்கள். நீயே வாய் திறந்து, "தெற்கு சூடானிலிருந்து வந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் எடுங்கள்" என்று கேள். ஃபால்சிபேரம் வகை அங்கே அதிகம், ஒரு நாள் தாமதம்கூட ஆபத்து.

நீ காலராவைப் பார்க்கப் போகிறாய். ஹெபடைட்டிஸ் இ-யையும் மறக்காதே. அதுவும் தண்ணீரில்தான் வருகிறது. பென்டியூவில் பல வருடமாகவே இருக்கிறது. 2022-ல் அங்கேதான் உலகத்திலேயே முதல்முறையாக, நோய் பரவிக்கொண்டிருக்கும்போதே அதற்குத் தடுப்பூசி போட்டார்கள், கர்ப்பிணிகளுக்கும் சேர்த்து. மற்றவர்களுக்கு வெறும் மஞ்சள் காமாலையாக வந்து போகிற நோய், மாசமான பெண்களுக்குக் கடைசி மாதங்களில் வந்தால் நான்கைந்து பேரில் ஒருவர் பிழைப்பதில்லை. காலையில் கண் மஞ்சளாக நடந்து வந்தவள், சாயங்காலம் தன் அம்மாவையே அடையாளம் தெரியாமல் பிதற்றுவாள். எங்களிடம் செய்வதற்கு மருந்து எதுவும் இருக்காது. கக்கூஸும் சுத்தமான தண்ணீரும்தான் மருந்து. உன் வேலைக்குப் பயன் உண்டா என்று கேட்டாயே, பிரசவ வார்டிலிருந்து பார்த்தால் அதைவிடப் பெரிய வேலை எனக்குத் தெரியவில்லை. போயிட்டு வா தம்பி.

---

முறிகண்டி எழுதியது:

நான் கிளிநொச்சி. பொருநை அண்ணை எழுதினதை வாசிச்சிட்டுப் பேசாமல் போக ஏலாமல் எழுதுறன்.

2008 செப்ரெம்பரில வன்னியில இருந்த ஐநாவையும் மற்ற வெளிநாட்டு நிறுவனங்களையும் வெளியேறச் சொல்லி அரசாங்கம் அறிவிச்சது. சனம் போய் ஐநா அலுவலகத்துக்கு முன்னால இருந்து, "போகாதேங்கோ, எங்களை விட்டிட்டுப் போகாதேங்கோ" எண்டு கேட்டது. நானும் அம்மாவோட அங்க நிண்டனான். அந்த மாதத்துக்குள்ளேயே வாகனங்கள் போயிட்டுது. அவையோட வேலை செய்த எங்கட ஆக்களும் அவையின்ர குடும்பங்களும் உள்ளுக்கதான். வெளியால போற பாஸ் கிடைக்கேல்லை. அதுக்குப் பிறகு நடந்தது உலகத்துக்குத் தெரியும்.

தம்பி போகலாமோ எண்டு கேட்கிறார். என்ர பதில், போங்கோ. வெளியால இருந்து வந்த ஒரு ஆள் பக்கத்தில நிக்கிறார் எண்டதே சனத்துக்கு ஒரு தைரியம். ஆனால் கடைசி வரைக்கும் நிப்பன் எண்ட மாதிரி யாருக்கும் வாக்குக் குடுக்காதேங்கோ. எத்தினையாம் திகதி போவியள், பிறகு ஆரைக் கேட்க வேணும் எண்டதை வந்த அண்டைக்கே சொல்லுங்கோ. திரும்பி வந்த பிறகு பேசுங்கோ. ஒருத்தரும் பார்க்காத இடத்தில என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும்.

---

பாமணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முறிகண்டி, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அந்தப் பிள்ளை குடும்பம் இப்போ எங்க இருக்காம்?" என்று கேட்டார்.

பொருநை அண்ணா சொன்ன கேள்விகளை அப்படியே மின்னஞ்சலில் கேட்டேன். வாக்கி-டாக்கியும் காப்பீடும் உள்ளூர் ஊழியருக்கும் உண்டு என்று விவரத்தோடு பதில் வந்தது. குடும்பத்தை நகர்த்துவது பற்றி, "நிலைமையைப் பொறுத்து" என்று ஒரு வரி. அதை விடாமல் மறுபடி கேட்டிருக்கிறேன். போவதென்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன்.

அண்ணா, இரண்டு சந்தேகம். அம்மாவிடம் எவ்வளவு சொல்வது? அறிக்கை எழுதினால் யார் படிப்பார்கள்?

---

பொருநை எழுதியது:

மறுபடி கேட்டது நல்லது. கேட்கிறவர்கள் கூடினால்தான் அந்த ஒரு வரி மாறும்.

அம்மாவிடம் எல்லாமே சொல். 2025-ல் சண்டை நடந்த நாசிரும் ஃபங்காக்கும் வேறு இடங்கள், உன் ஊர் எது, எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் காட்டு. ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்லாதே. 2025 மே மாதம் ஓல்ட் ஃபங்காக்கில் மருத்துவமனை மேலேயே குண்டு விழுந்தது, அதையும் அவர் எப்படியும் பார்த்திருப்பார். தினமும் போன் பண்ணுகிறேன் என்று வாக்குக் கொடுக்காதே. நெட்வொர்க் ஒரு நாள் விழுந்தால் அவர் துடித்துப்போவார். வாரத்தில் இன்ன இரண்டு நாள், தவறினால் இன்ன எண்ணில் நிறுவனத்தின் ஆளைக் கூப்பிடலாம் என்று எழுதிக் கொடு. அந்த எண்ணுக்கு நீ கிளம்பும் முன் அவரை விட்டே ஒருமுறை பேச வை. ஆங்கிலம் வராது என்றால் தங்கையோ தம்பியோ பேசட்டும்.

அறிக்கை. தலைமை அலுவலகத்தில் முதல் இரண்டு பக்கம்தான் படிப்பார்கள், அதனால் பணம் கேட்க வேண்டியதை அங்கேயே கேள். ஆனால் நீ கிளம்பும் முன்னால் இன்னொன்று எழுத வேண்டும், அது பம்ப் ஓட்டுகிறவர்களுக்கு. பம்ப் மாடல், எந்த சீல் அடிக்கடி போகிறது, எந்த உதிரிப்பாகம் ஜூபாவில் கிடைக்கும், எது நைரோபியிலிருந்து வர வேண்டும், தண்ணீர் கலங்கலாக இருக்கும்போது படிகாரம் எவ்வளவு, இதெல்லாம் படத்தோடு இரண்டு தாளில். உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்தே எழுது, அவர்கள் மொழியில் எழுதச் சொல்லி பிளாஸ்டிக் உறை போட்டு பம்ப் அறையில் மாட்டிவிட்டு வா. என் அறிக்கைகள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாளைப் பார்த்துப் பம்ப்பைப் பிரித்ததாக எனக்கு போனில் சொல்லியிருக்கிறார்கள்.

சரக்கு விஷயத்தில் கறாராக இரு. மே மாதவாக்கில் மழை பிடித்துவிட்டால் பாதை போய்விடும், விமானமும் படகும்தான். குளோரின் தூளை விமானத்தில் ஏற்ற தனி அனுமதி, தனிக் கட்டணம், அதிலேயே வாரங்கள் ஓடிவிடும். படிகாரமும் குளோரினும் மழைக்காலம் முழுக்கத் தாங்குகிற அளவுக்கு ஏப்ரலுக்குள் கிடங்கில் இருக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே மூட்டைக் கணக்கோடு போடு.

உள்நாட்டு விமானத்தில் எடைக் கட்டுப்பாடு உண்டு, துணியைக் குறை. டிபிடி மாத்திரை அட்டைகளைக் கைப்பையில் வைத்து நிறையக் கொண்டு போ. அங்கே எப்போதும் தீர்ந்துபோய்த்தான் இருக்கும்.